ஊருக்கெல்லாம் ஓர் அடிகுழாய்

தமிழ்நாட்டுக் கிராமத் தெருக்களில் நிற்கும் நீண்ட கைப்பிடி அடிகுழாயின் முறையான பெயர் ‘இந்தியா மார்க் 2’. இந்திய அரசும் யூனிசெஃப்பும் உலக சுகாதார நிறுவனமும் சேர்ந்து 1970களில் உருவாக்கிய கருவி இது. 1990களின் நடுப்பகுதிக்குள் இந்தியாவிலும் பிற நாடுகளிலுமாகச் சுமார் 50 லட்சம் குழாய்கள் தயாராகி நிறுவப்பட்டிருந்தன. உலகில் மிகப் பரவலாகப் பயன்படும் கைப்பம்புகளில் ஒன்று இது. இதில் மோட்டார் கிடையாது, மின்சாரம் வேண்டாம். இரும்பு, ஒரு சங்கிலி, இரண்டு பேரிங், சில வாஷர்கள், அவ்வளவுதான். அன்றாடம் பயன்படும் ஒரு பொருளை, அதைப் பயன்படுத்துவோரின் கையையும் வாழ்க்கையையும் பார்த்துத் திருத்தினால் என்ன நடக்கும் என்பதை இந்தியாவில் இதைவிடத் தெளிவாகக் காட்டும் கருவிகள் மிகக் குறைவு.

இந்தியாவின் பரப்பில் மூன்றில் இரண்டு பங்கு கடினப் பாறை நிலம். தமிழ்நாட்டில் அது ஏறத்தாழ முக்கால் பங்கு. இங்கே நீர், மணலில் தேங்குவதைப்போல எங்கும் பரவி நிற்பதில்லை. கருங்கல்லின் வெடிப்புகளிலும் சிதைந்த அடுக்குகளிலும் ஒளிந்திருக்கிறது. வெடிவைத்தும் கடப்பாரை கொண்டும் கிணறு தோண்டப் பல மாதங்கள் ஆகும். கோடையில் அதுவும் வற்றும். 1966-67இல் பீகாரையும் உத்தரப் பிரதேசத்தையும் வாட்டிய பெரும் வறட்சிக்குப் பிறகு, காற்றழுத்தத்தால் இயங்கும் துளையிடும் இயந்திரங்களை யூனிசெஃப் இந்தியாவுக்குக் கொண்டுவந்தது. துளையின் அடியிலேயே சுத்தியல்போல் அடித்துப் பாறையைப் பொடியாக்கும் இயந்திரங்கள் அவை. மாதக்கணக்கான வேலை ஓரிரு நாளில் முடிந்தது. ஆனால் இப்படிக் கிடைத்த கிணற்றின் வாய் ஒரு சாணுக்குக் குறுகியது. அதில் வாளி இறங்காது, கயிறு உதவாது. மேலே ஒரு பம்பு இருந்தால்தான் கீழே இருக்கும் நீருக்குப் பொருள் உண்டு.

ஆனால் எல்லாப் பம்புகளும் இதற்கு உதவா. கங்கைச் சமவெளியிலும் கடலோர மணற்பகுதியிலும் வீட்டுக்கு வீடு காணப்படும் சிறிய அடிகுழாய் உறிஞ்சுவகையைச் சேர்ந்தது. அதன் உந்துதண்டு தரைக்கு மேலே இருக்கிறது. அது காற்றை வெளியே இழுக்கிறது. குழாய்க்குள் அழுத்தம் குறைகிறது. வெளியே உள்ள வளிமண்டலம் நீரை மேலே தள்ளுகிறது. வளிமண்டலத்தின் பலமோ சுமார் 10.3 மீட்டர் நீர்த்தூணைத் தாங்கும் அளவுதான். கசிவும் உராய்வும் சேர்ந்தால் நடைமுறையில் 7 மீட்டருக்குமேல் அது ஏற்றாது. எவ்வளவு வேகமாக அடித்தாலும் இந்த எல்லை மாறாது. நீர்மட்டம் 20, 30 மீட்டர் ஆழத்தில் இருக்கும்போது, உந்துதண்டையும் அதன் உருளையையும் நீருக்கடியிலேயே இறக்கிவிட வேண்டும். அங்கே அது நீரை உறிஞ்சுவதில்லை, தூக்குகிறது. தரையில் நிற்பவரின் கையசைவை அவ்வளவு ஆழத்துக்கு எடுத்துச்செல்ல நீண்ட இரும்புக் கம்பிகளின் தொடர் வேண்டும். மேலே ஒவ்வொரு முறையும் ஏற்படும் ஆட்டமும் அதிர்ச்சியும் இந்தத் தொடர் முழுவதும் பரவும்.

1960களின் இறுதியில் ஆழ்துளைக் கிணறுகளின்மேல் பொருத்தப்பட்டவை வார்ப்பிரும்புக் கைப்பம்புகள். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பண்ணைவீடுகளுக்கென உருவான வடிவங்களைப் பார்த்துச் செய்தவை. ஒரு குடும்பம் நாளில் சில முறை பயன்படுத்த அந்த வடிவம் போதும். இந்தியக் கிராமத்தில் அதே பம்பைச் சில நூறு பேர் விடியலிலிருந்து இருட்டும்வரை அடித்தார்கள். கைப்பிடியின் மூட்டுகளில் இருந்த ஆணிகள் தேய்ந்தன. துளைகள் அகன்றன. தேய்ந்த மூட்டு தண்டை நேராக இழுக்காமல் பக்கவாட்டில் அசைத்தது, போல்ட்டுகள் கழன்றன, நொறுங்கும் தன்மையுள்ள வார்ப்பிரும்பு விரிசல்விட்டது. 1970களின் நடுவில் நடந்த கணக்கெடுப்பு, பாறைநிலத்துக் கைப்பம்புகளில் நான்கில் மூன்று பங்கு எந்த நேரத்திலும் பழுதாகவே கிடந்ததைக் காட்டியது. அரசும் யூனிசெஃப்பும் துளையிட்ட கிணறுகள் நீர் இருந்தும் பயனற்று நின்றன. குற்றத்தை மக்களின் முரட்டுத்தனத்தின்மேல் சுமத்துவது எளிது; அன்று பலர் அப்படித்தான் சுமத்தினார்கள். உண்மையில் பிழை கணக்கில் இருந்தது. ஒரு வீட்டுக்கான கருவியை ஓர் ஊருக்குக் கொடுத்துவிட்டு, ஊர் அதை உடைத்துவிட்டது என்று சொல்வதில் நியாயம் இல்லை.

மாற்றத்தின் விதை மகாராஷ்டிராவில் விழுந்தது. ஜால்னா, சோலாப்பூர் பகுதிகளில் கிணறு வெட்டித்தந்த கிறித்தவ மிஷன் அமைப்புகள் தங்கள் பட்டறைகளிலேயே பம்புகளைத் திருத்திக்கொண்டிருந்தன. வார்ப்பிரும்புக்குப் பதில் எஃகு. பல மூட்டுகளுக்குப் பதில் ஒரே அச்சு. தேயும் ஆணிக்குப் பதில் மூடிய பேரிங். தண்டையும் கைப்பிடியையும் இணைக்க ஒரு சங்கிலி. சோலாப்பூர் பம்பு என்று பெயர்பெற்ற அந்தக் கருவி ஆண்டுக்கணக்கில் பழுதின்றி ஓடியது. ஆனால் அது பட்டறையில் ஒவ்வொன்றாகச் செய்யப்பட்டது. ஒன்றின் பாகம் இன்னொன்றில் பொருந்தும் என்ற உறுதி இல்லை. நாடு முழுவதற்கும் வேண்டியது லட்சக்கணக்கில் ஒரே அளவில் தயாரிக்கக்கூடிய பம்பு.

அந்தப் பணியில் சென்னைக்குப் பெரிய பங்கு உண்டு. சென்னையில் இயங்கிய இயந்திரப் பொறியியல் ஆய்வு மேம்பாட்டு அமைப்பும், பொதுத்துறை நிறுவனமான ரிச்சர்ட்சன் அண்ட் குரூடாஸின் சென்னைத் தொழிற்சாலையும் யூனிசெஃப்புடன் சேர்ந்து சோலாப்பூர் வடிவத்தைத் திருத்தின. மாதிரிப் பம்புகள் கோயம்புத்தூர் வட்டாரத்தில் சோதிக்கப்பட்டன. நீர்மட்டம் ஆழமாகவும் பயன்பாடு கடுமையாகவும் இருந்த நிலம் அது. அங்கே தாக்குப்பிடிக்கும் பம்பு வேறெங்கும் தாக்குப்பிடிக்கும். வடிவமைப்பாளர்கள் தங்களுக்கு விதித்துக்கொண்ட எல்லைகள் கடுமையானவை. விலை 200 டாலரைத் தாண்டக்கூடாது. சாதாரண வசதிகள் மட்டும் உள்ள பட்டறையிலும் செய்ய முடிய வேண்டும். பராமரிப்பு எளிதாக இருக்க வேண்டும்.

கைப்பிடியும் சங்கிலியும்

மார்க் 2இன் ஒவ்வொரு பாகமும் முந்தைய தோல்வி ஒன்றுக்குப் பதில். கைப்பிடியின் உள்முனையில் வட்டத்தின் கால்பகுதி வடிவில் வளைந்த ஒரு தகடு இருக்கிறது. அதன்மேல் படிந்து கீழிறங்கும் சங்கிலியின் நுனியில்தான் தண்டு தொங்குகிறது. கைப்பிடி வில்போல வளைந்த பாதையில் ஏறி இறங்கினாலும், சங்கிலி எப்போதும் வளைவின் விளிம்பைத் தொட்டு நேர்கீழாகவே இழுக்கும். பழைய பம்பில் தண்டை வளைத்த பக்கவாட்டு இழுப்பு இதனால் முற்றிலும் ஒழிந்தது. அச்சில் இரண்டு பேரிங்குகள். தூசியும் நீரும் புகாதபடி அவை மூடப்பட்டிருப்பதால் எண்ணெய் விட வேண்டியதில்லை. கிரீஸ் வேண்டுவது சங்கிலிக்கு மட்டும்.

கைப்பிடி குழல் அல்ல, கெட்டியான சதுர எஃகுக் கம்பி. அந்த எடை வீண் இல்லை. கிணற்றுக்குள் தொங்கும் தண்டுகளின் எடைக்கு அது எதிரெடை. பழைய ஏற்றத்தின் துலாவில் பின்பக்கம் கல் கட்டியதும் இதே கணக்கில்தான். நீரின் பாரத்தைத் தனியாகக் கணக்கிடலாம். உருளையின் உள்விட்டம் 63.5 மில்லிமீட்டர்; பரப்பு சுமார் 32 சதுர சென்டிமீட்டர். நீர்மட்டம் 30 மீட்டர் ஆழத்தில் இருந்தால், உந்துதண்டின்மேல் நிற்கும் நீர்த்தூணின் பாரம் ஏறத்தாழ 95 கிலோ. நெம்புகோலின் விகிதம் 8க்கு 1. ஆகவே கைக்கு வருவது சுமார் 12 கிலோ. ஒரு பெண் தன் உடல் எடையைச் சற்றே சாய்த்து அழுத்தினால் போதும். பத்து வயதுச் சிறுவனும் அடிக்க முடியும். உந்துதண்டு ஒரு முறைக்கு 125 மில்லிமீட்டர் நகர்கிறது. கணக்குப்படி ஓர் அடிக்கு 400 மில்லிலிட்டர் நீர். 40 அடி அடித்தால் ஒரு குடம் நிறைந்துவிடும்.

கண்ணில் படாத திருத்தங்களும் உண்டு. சோலாப்பூர் பம்பு கிணற்றின் கேசிங் பைப்பின்மேலேயே அமர்ந்திருந்தது; ஆயிரம் கைகளின் அதிர்வை அந்தக் குழாய் தாங்காமல் ஆடியது. மார்க் 2இன் பீடம் கேசிங்கைவிட அகலமானது. கேசிங் அதற்குள் நிற்க, பீடத்தின் கால்கள் காங்கிரீட்டில் புதைந்துள்ளன. அதிர்வு நிலத்துக்குப் போகிறது, கிணற்றுக்குப் போவதில்லை. மேலே சிந்தும் அழுக்குநீர் கேசிங்கை ஒட்டிக் கிணற்றுக்குள் வடியவும் வழியில்லை. தலைப்பகுதி முழுவதும் மூடிய பெட்டி. சங்கிலியைப் பார்க்க ஒரு சிறு கதவு, அதற்கு ஒரே ஒரு போல்ட். பழைய பம்புகளின் திறந்த இடுக்குகளில் குழந்தைகள் கூழாங்கல் போட்டுப் பார்ப்பார்கள். குழந்தைகளை விரட்டுவதைவிட இடுக்கை அடைப்பது நல்ல வழி.

இந்த வடிவத்துக்கு ஓர் எல்லையும் உண்டு. சங்கிலியால் இழுக்க முடியும், தள்ள முடியாது. கைப்பிடி மேலே போகும்போது உந்துதண்டு தன் எடையாலும் கம்பிகளின் எடையாலும் தானாகவே இறங்க வேண்டும். கிணறு ஆழமாக இருந்தால் கம்பிகள் கனமாக இருக்கும்; சிக்கல் இல்லை. ஆழம் குறைந்தால் எடை போதாமல் சங்கிலி தொய்ந்து, அடுத்த அடியில் வெட்டி இழுக்கும். ஆழக்கிணற்றுக்கென வடித்த கருவியை ஆழமற்ற கிணற்றில் வைத்தால் அது சீக்கிரம் கெடும். அவற்றுக்குச் சங்கிலிக்குப் பதில் கம்பி இணைப்புள்ள வேறு வடிவங்கள் வந்தன.

1970களின் இறுதியில் பெருமளவு உற்பத்தி தொடங்கியதும் புதிய ஆபத்து தலைகாட்டியது. பல நிறுவனங்கள் பம்பு செய்ய முன்வந்தன. சிலவற்றின் தரம் மோசம். கைப்பம்புக்கான இந்தியத் தர நிர்ணயம் ஐ.எஸ். 9301 என்ற எண்ணில் 1979இல் வெளியானது. ஒவ்வொரு பாகத்தின் அளவும், உலோகமும், துத்தநாகப் பூச்சின் தடிமனும் அதில் வரையறுக்கப்பட்டன. யூனிசெஃப் வாங்கிய பம்புகள் தொழிற்சாலையிலேயே பரிசோதிக்கப்பட்டன. இந்த வடிவத்துக்குக் காப்புரிமை இல்லை. யார் வேண்டுமானாலும் செய்யலாம், ஆனால் தரத்துக்குக் கட்டுப்பட வேண்டும். திறந்த உரிமையும் கண்டிப்பான அளவும் சேர்ந்ததால்தான், ஓர் ஊரில் செய்த வாஷர் ஆயிரம் கிலோமீட்டர் தள்ளியுள்ள பம்பிலும் பொருந்தியது. வடிவமைப்பைவிட இதுதான் பெரிய சாதனை என்று சொன்னாலும் மிகையாகாது.

பழுதுபார்ப்பதும் வடிவமைப்பே

நல்ல பம்பும் ஒருநாள் நிற்கும். நின்றதை யார் பார்ப்பது, யாருக்குச் சொல்வது, யார் வந்து சரிசெய்வது? இதற்கு விடை காணத் தமிழ்நாட்டில் உருவான மூன்றடுக்குப் பராமரிப்பு முறை பிற மாநிலங்களுக்கும் பரவியது. ஊரில் ஒரு பொறுப்பாளர். அவரிடம் இரண்டொரு ஸ்பேனரும் கிரீஸும் இருக்கும்; போல்ட்டை முடுக்குவதும் சங்கிலிக்கு கிரீஸ் பூசுவதும் அவர் வேலை. அடுத்து, ஊராட்சி ஒன்றியத்தில் ஒரு மெக்கானிக். மேல்பகுதிப் பழுதுகளை அவர் பார்ப்பார். கிணற்றுக்குள் இருக்கும் பாகம் கெட்டால், வண்டியும் தூக்குகருவிகளும் கொண்ட நடமாடும் குழு மாவட்டத்திலிருந்து வரும். ஊர்ப் பொறுப்பாளரிடம் முகவரி அச்சிட்ட அஞ்சலட்டைகள் கொடுத்துவைக்கப்பட்டன. பம்பு நின்றால் அட்டையைத் தபால்பெட்டியில் போட்டால் போதும். தொலைபேசி எட்டாத காலத்தில், நாட்டின் ஒவ்வொரு ஊரையும் ஏற்கெனவே எட்டியிருந்த தபால்துறையைப் பம்பின் ஓர் உறுப்பாக மாற்றிய யோசனை அது. செலவு சில காசுகள்.

மூன்றாவது அடுக்குதான் சங்கடம் தந்தது. மார்க் 2இன் உருளை 63.5 மில்லிமீட்டர், அதற்கு மேலே வரும் நீர்க்குழாயோ 32 மில்லிமீட்டர். கீழே இருக்கும் ஒரு தோல் வாஷர் தேய்ந்தாலும், உந்துதண்டை வெளியே எடுக்க முழுக் குழாய்த்தொடரையும் உருவ வேண்டும். 30 மீட்டர்க் கிணற்றில் குழாயும் கம்பியும் சேர்ந்து 100 கிலோவைத் தாண்டும். சில ரூபாய் வாஷருக்காக லாரிக்கும் நாலைந்து ஆட்களுக்கும் காத்திருந்தது ஊர். வண்டிக்கு டீசல் இல்லாத மாதத்தில் ஊருக்குத் தண்ணீர் இல்லை.

1981 முதல் 1990வரை ஐ.நா. அனுசரித்த குடிநீர்ப் பத்தாண்டில் இந்தக் கேள்வி உலக அளவில் எழுந்தது: ஊர் மக்களே பழுதுபார்க்கக்கூடிய பம்பு சாத்தியமா? ஐ.நா. வளர்ச்சித் திட்டமும் உலக வங்கியும் சேர்ந்து நடத்திய ஆய்வின் ஒரு களம் மறுபடியும் கோயம்புத்தூர். 1983இல் தொடங்கிய அந்தச் சோதனையில், வழக்கமான மார்க் 2உடன் மாற்றம் செய்த பம்புகளும் மக்கள் புழக்கத்திலேயே வைக்கப்பட்டு, ஒவ்வொரு பழுதும் பதிவு செய்யப்பட்டது. அங்கிருந்து வந்ததுதான் மார்க் 3. இதில் நீர்க்குழாய் உருளையைவிட அகலமானது. குழாயைத் தொடாமல் உந்துதண்டையும் அடிவால்வையும் அதன் வழியே மேலே உருவிவிடலாம். ஒரு மெக்கானிக்கும் கைக்கு உதவ ஊரார் ஒருவரும் இருந்தால் வேலை முடிந்தது. தோல் வாஷருக்குப் பதில் வைத்த நைட்ரைல் ரப்பர் வாஷர் பலமடங்கு நாள் உழைத்தது. அது மார்க் 2க்கும் வந்து சேர்ந்தது.

ஆனாலும் மார்க் 3, மார்க் 2ஐ விரட்டிவிடவில்லை. அகலக் குழாய் விலை அதிகம், எடையும் அதிகம். குழாயே அரித்துப்போய் எடுக்க நேர்ந்தால் பாடு இரட்டிப்பு. பழுதுபார்ப்பவருக்கு இதம் சேர்த்தால் வாங்குபவருக்குச் சுமை கூடியது. வடிவமைப்பில் இத்தகைய பேரம் தவிர்க்க முடியாதது. எந்தத் துன்பத்தை யார் தாங்குவது என்பதே அங்கு முடிவாகிறது.

பம்பை அதிகம் தொடுபவர்கள் பெண்கள். அது நின்றால் இரண்டு மைல் நடப்பவர்களும் அவர்களே. எனினும் நெடுங்காலம் ஸ்பேனர் ஆண்கள் கையில்தான் இருந்தது. 1990களில் உத்தரப் பிரதேசத்தின் பாந்தா மாவட்டத்தில், மகளிர் கல்வித் திட்டமான மகிளா சமாக்யாவின் வழியே எழுத்தறியாத தலித் பெண்கள் மார்க் 2 மெக்கானிக்குகளாகப் பயிற்சி பெற்றார்கள். கனமான குழாய்களைக் கூட்டாகத் தூக்கி, பம்புகளைப் பிரித்துப் பூட்டினார்கள். பழுதை விரைவில் நீக்க மிகுந்த காரணம் உள்ளவரிடமே கருவிகளைக் கொடுப்பது சரியான பொறியியலும்கூட.

பம்பு நிற்கும் இடமும் ஒரு முடிவு. மேல்சாதித் தெருவின் நடுவில் நட்ட குழாயைத் தலித் குடும்பங்கள் தொட முடியாமல் போனது இந்தியா முழுவதும் அறிந்த அநீதி. நீர் தேடுபவர் பாறையின் வெடிப்பைப் பார்த்து இடம் குறிப்பார். பஞ்சாயத்துத் தலைவர் தன் வீட்டு வாசலைக் குறிப்பார். குடியிருப்புதோறும் தனிக் குழாய் என்ற அரசின் அளவுகோல் இதை ஓரளவு சரிசெய்தது, முழுவதுமாக அல்ல. குழாயடி மேடையும் வடிகாலும் ஒழுங்காக இல்லாவிட்டால் சுற்றிலும் சேறு தேங்கிக் கொசு பெருகும். பம்புக்குத் தரும் கவனத்தில் பாதிகூட இந்த மேடைக்குக் கிடைப்பதில்லை. பல ஊர்களில் இன்றும் அதுதான் நிலை.

பலன் கண்ணால் கண்டது. நரம்புச் சிலந்தி என்ற கொடிய ஒட்டுண்ணி நோய், மக்கள் இறங்கி நின்று மொள்ளும் படிக்கிணறுகளாலும் குளங்களாலும் பரவியது. மூடிய ஆழ்குழாய்க் கிணறு அந்தச் சங்கிலியை அறுத்த கருவிகளில் ஒன்று. இந்தியாவில் கடைசி நோயாளி 1996இல் ராஜஸ்தானில் கண்டறியப்பட்டார். 2000இல் உலக சுகாதார நிறுவனம் இந்தியா இந்நோயிலிருந்து விடுபட்டதாகச் சான்றளித்தது.

ஆப்பிரிக்காவுக்குச் சென்ற மார்க் 2 இன்னொரு பாடம் கற்பித்தது. உகாண்டாவில் அது யூ2 என்ற பெயரில் தேசியப் பம்பானது. ஆனால் அக்கண்டத்தின் பல பகுதிகளில் நிலத்தடி நீர் சற்றே அமிலத்தன்மை கொண்டது. துத்தநாகம் பூசிய இரும்புக் குழாயை அது அரித்தது. நீர் சிவந்து துரு வாடை அடித்ததால், பெண்கள் பழைய குட்டைகளுக்கே திரும்பினார்கள். இந்தியாவில் பிழையற்ற குழாய் அங்கே பிழையானது. துருப்பிடிக்காத எஃகும் பிளாஸ்டிக் குழாய்களும் கொண்ட வடிவங்கள் அதன் பிறகு வந்தன.

இன்று தமிழ்நாட்டில் பல அடிகுழாய்கள் வறண்டு நிற்கின்றன. காரணம் பம்பில் இல்லை. மார்க் 2 வழக்கமாக 45 மீட்டர் ஆழம்வரை நீர் தூக்கும்; அதன் சோதனைக் களமாக இருந்த கோயம்புத்தூர் மாவட்டத்திலேயே இப்போது ஆயிரம் அடிக்குப் போர் போடுகிறார்கள். விசைப்பம்புகள் நீர்மட்டத்தைக் கையெட்டாத ஆழத்துக்கு இறக்கிவிட்டன. வீட்டுக்கு வீடு குழாய் இணைப்பு வந்த ஊர்களில் அடிகுழாயைப் பிடுங்கி எறிவதும் நடக்கிறது. புயலில் மின்கம்பம் சாய்ந்து மேல்நிலைத் தொட்டி காலியாகும் நாட்களில் ஊருக்கு எஞ்சும் ஒரே நீர்வழி அதுதான். நீர் கிடைக்கும் கிணற்றின்மேல் நிற்கும் அடிகுழாயை எந்த ஊராட்சியும் கைவிடக் கூடாது. அதைக் காக்கத் தேவைப்படுவது சங்கிலிக்குக் கிரீஸும் சில வாஷர்களும், பழுதுபார்க்கத் தெரிந்த ஒருவரும்தான்.